என் பெயர் வைத்த பிகோனியா

துய்வெல், மிசோரம்
12 ஜூலை 2011

அன்புத் தம்பி ரோகுங்கா,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா நலமா என்று அரை வரி, உன் ஆராய்ச்சிக்கான பிகோனியாச் செடி பற்றி மூன்று பக்கம்!

நீ சொன்னபடி ஊற்றுப் பாறைக்குப் போய்க் காய்களைப் பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். நாம் கறியில் போட்டுச் சமைக்கிற வழவழத் தண்டு பிகோனியாவின் காயில் மூன்று அறை. நீ கேட்ட, தண்டில் சிவப்பு முடி வைத்ததில் இரண்டே இரண்டு. ஆண் பூவுக்கு நாலு இதழ், பெண் பூவுக்கு ஐந்து. தண்டையும் கடித்தேன், புளிப்பில் பல் கூசிவிட்டது. உலர்த்திய இலையும் பூவும் இத்துடன் இருக்கின்றன.

இடத்தை மட்டும் எழுதிவிடாதே. பக்கத்து ஊர் ஆர்க்கிட் பூச்செடி புத்தகத்தில் வந்த மறு வருஷமே, செடி விற்கிறவர்கள் வந்து மொத்தத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தச் சிவப்பு முடிச் செடி நம் பாறையைத் தவிர வேறெங்கும் இல்லை.

ஞாயிறு பன்றிக்கறி. உன் பங்கை எடுத்து வைத்த பிறகுதான் நீ இங்கே இல்லை என்பது நினைவு வந்தது. ஒவ்வொரு வாரமும் இதே கூத்துதான்.

உன் அக்கா,
தன்சியாமி


ஸ்காட்லாந்து
20 செப்டம்பர் 2011

அன்புள்ள அக்கா,

எல்லா இனங்களோடும் ஒப்பிட்டுவிட்டேன். இது உலகத்துக்கே புதுசு! உன் பெயரையே லத்தீனில் வைக்கிறேன்: பிகோனியா தன்சியாமியே. கட்டுரையில் இடத்தை மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வேன். அம்மா மேல் ஆணை.

உன் தம்பி,
ரோகுங்கா


துய்வெல்
24 ஜூலை 2012

தம்பி,

வியாழனன்று ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் உன் கட்டுரையை நீட்டி, "அக்கா, இந்தப் பாறைக்கு எப்படிப் போறது?" என்றான். ஊற்றின் பெயர், வரைபடம், எல்லாம் அதில் இருந்தது. "செடிக்கே உங்க பேராமே, பெரிய ஆளுதான்!" என்று இளிப்பு வேறு.

"எனக்குத் தெரியாது, போங்க" என்றேன். கையில் வரைபடம் இருக்கும்போது நான் எதற்கு அவர்களுக்கு? மறுநாள் தண்ணீருக்குப் போனால் பாறை மொட்டையாக இருந்தது. பாசியோடு உரித்திருக்கிறார்கள்.

"உன் தம்பிதானே வழி காட்டினான்?" என்று ஊற்றடியில் எல்லாரும் கேட்கிறார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனி மிச்சம், என் சமையலறை ஜன்னலில் போன வருஷம் நான் நட்ட ஓர் இலையிலிருந்து முளைத்த ஒரே தொட்டிச் செடிதான். ஏன்டா இப்படிச் செய்தாய்?

அக்கா


ஸ்காட்லாந்து
11 ஆகஸ்ட் 2012

அக்கா,

கோபப்படாதே. இடம் குறிப்பிடாமல் கட்டுரையை ஏற்க மாட்டோம் என்றார்கள். என் வேலையே அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது. அந்தத் தொட்டியைப் பத்திரமாக வை. டிசம்பரில் வந்து எடுத்துக்கொள்கிறேன். இங்கே செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டில் நூறாகப் பெருக்கிவிடலாம். உன் பெயர் பிழைத்துக்கொள்ளும்.

ரோகுங்கா


துய்வெல்
3 செப்டம்பர் 2012

ரோகுங்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. டிசம்பரில் வர வேண்டாம்.

நேற்று ஆராதனை முடிந்து வந்து, அந்தச் செடியை வேரோடு பிடுங்கிப் பன்றிக்கறியில் போட்டேன். சிவப்பு முடியை உரிக்கத்தான் நேரமாயிற்று. நான் செய்ததும் அநியாயம்தான், தெரியும். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். ஆனால் கண்ணாடி வீட்டில் என் பெயரை எழுதி ஒட்டிவைத்து அதற்கு நீ தண்ணீர் ஊற்றுவதை என்னால் தாங்க முடியாது.

நல்ல புளிப்பு. உன் கட்டுரையில் அதை எழுதவில்லை நீ.

உன் பங்கு எடுத்து வைக்கவில்லை.

தன்சியாமி