வேப்பிலை இல்லாத வாசல் இல்லை

பங்குனி 2, வெள்ளி

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. அல்ஜீப்ரா நோட்டில் பாதிப் பக்கங்கள் மிச்சம், அதில்தான் எழுதுகிறேன். பத்தாவதைப் பாதியில் விட்டவனுக்கு அல்ஜீப்ரா எதற்கு.

பஞ்சாயத்து போர்டு ஆபீசில் கூட்டம். ஜன்னலில் நின்று கேட்டேன். சர்க்கார் உத்தரவு வந்திருக்கிறது. சுற்று வட்டாரத்தில் பெரியம்மை. ஊரில் குழந்தை முதல் கிழம் வரை எல்லாரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும். கட்டாயம். மறுத்தால் கேஸ், போலீஸ்.

தலைவர் என் சித்தப்பா. (இனி சி. முழுசாக எழுதக் கை வலிக்கிறது.) உத்தரவை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினார்.

"செவ்வாக்கெழம ஆத்தாளுக்குக் காப்புக் கட்டுறோம். காப்புக் கட்டுன ஊருல சவரங்கூடப் பண்ண மாட்டோம். இவனுக ஊசியோட வந்து வீடு வீடா ரத்தம் எடுப்பானுகளாம். திருவிழா முடியட்டும், பெறகு பாப்போம்."

ஒரு மெம்பர்: "கன்னுக்குட்டிச் சீழத்தான் எடுத்துக் குத்துறானுகளாம்ல, தலைவரே?"

"எந்தச் சீழா இருந்தா என்னய்யா. கேக்காமக் குத்துறானா இல்லையா, அதச் சொல்லு."

எல்லாரும் கை தூக்கினார்கள். திருவிழா முடிகிறவரை அம்மை குத்துகிறவர்கள் ஊர் எல்லைக்குள் வரக் கூடாது. தீர்மானம்.

சிரிக்க முடியவில்லை. போன தடவை அவர்கள் வந்தபோது சி. வீட்டுக் கதவை உடைத்தார்கள். சித்தியின் இடுப்பிலிருந்து அவர்கள் மகள் செல்வியைப் பிடுங்கிக் குத்தினார்கள். கை வீங்கிச் சீழ் வைத்தது. நான்தான் திண்டுக்கல்லுக்கு வண்டி ஓட்டினேன். பாதி வழியிலேயே போய்விட்டாள். அதன் பிறகு சி. அந்தக் கதவை மாற்றவில்லை. உடைந்த பலகையோடே நிற்கிறது.

எனக்கும் சி. ஓர் உத்தியோகம் கொடுத்துவிட்டார். "சும்மாதானலே திரியிறே? எல்லைப் புளியமரத்துல ஏறி உக்காரு. ஜீப்பு வந்தா டின்னத் தட்டு."

பங்குனி 3, சனி

மரம். எறும்பு. துணைக்கு முத்து. அவனுக்கு வாய் மூடாது.

"நம்ம ரெண்டு பேருக்கும் கவர்மெண்டுல கொரங்குன்னு பட்டம் குடுப்பாக, பாண்டி."

பொழுது உச்சிக்கு வரும்போது தூசி தெரிந்தது. ஜீப். மண்ணெண்ணெய் டின்னை நான்தான் தட்டினேன். திரும்பிப் பார்க்கிறேன், ஊர் காலி. தென்னந்தோப்பு, மல்லிகைத் தோட்டம், எங்கே புகுந்தார்கள் என்றே தெரியவில்லை. பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன்.

அம்மை குத்துகிறவர் போலீசைக் கூட்டி வரவில்லை. காக்கிப் பை, வழுக்கைத் தலை, வியர்வை. மரத்தடியில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். முத்து சொம்பை நீட்டினான். அவர் குடித்துவிட்டு என் கையைப் பார்த்தார். பனியன்தான் போட்டிருந்தேன். இடது கையில் இரண்டு வட்டத் தழும்பு. திண்டுக்கல் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்க வைத்துக் குத்தியது.

"ஒனக்குக் குத்தியிருக்கு தம்பி. அதான் பயமில்லாம மரத்துல உக்காந்திருக்க."

"ஒங்க ஆளுக குத்தி ஒரு பிள்ளை செத்துப்போச்சு சார் இங்க."

முகத்தைத் துடைத்தார். மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன்.

"தெரியும். ஊசியச் சுத்தம் பண்ணாமக் குத்தியிருப்பாங்க. தப்புதான். அதுக்காக மத்த பிள்ளைகளையும் அம்மைக்குக் குடுக்க முடியுமா?" பையை மாட்டிக்கொண்டார். "அம்மை உள்ள வீட்டுக்குள்ள யாராச்சும் போயிட்டா, ரெண்டு மூணு நாளைக்குள்ள குத்திட்டாக்கூடத் தப்பிக்கலாம். சின்னாளப்பட்டியில இருப்பேன். தறிக்காரங்க எல்லாம் குத்திக்கிறாங்க."

போய்விட்டார். முத்து: "ஏலே, சட்டையப் போடு. மாட்டுச் சீழு குத்துனவனக் காவலுக்கு வச்சிருக்காகன்னு ஊரு சிரிக்கும்."

போட்டுக்கொண்டேன்.

பங்குனி 6, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. இனி திருவிழா முடிகிறவரை யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது.

போர்டு உத்தரவு இந்தத் தடவை: ஒரு வீடு விடாமல் வாசலில் வேப்பிலை. தெருவுக்குத் தெரு தோரணம். ஊரே கசப்பு வாசனை. வண்டி வண்டியாய் வெட்டி வந்தோம்.

அக்கா நேற்றே சேவுகம்பட்டியிலிருந்து வந்துவிட்டாள், பிள்ளையோடு. ராசு. இன்னும் தவழவில்லை, குப்புற விழுந்து நீச்சல் அடிக்கிறான். என் மூக்கைப் பிடித்தால் விடுவதில்லை. அவன் சீக்கில் கிடந்தபோது நேர்ந்துகொண்டதாம், அவன் கையிலும் மஞ்சள் காப்பு. கை அத்தனை சின்னது, பூசாரிக்கு முடிச்சுப் போட வரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

பக்கத்து ஊரில் செத்தவர்களைத் தூக்க ஆள் இல்லையாம். தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பெரியம்மையா என்று அம்மாவிடம் கேட்டேன், என் வாயைப் பொத்தினாள். "அவ பேர அப்படிச் சொல்லாதடா. வெளையாட வந்திருக்கான்னு சொல்லு."

ராத்திரிச் சாப்பாடு. கத்தரிக்காய் வெஞ்சனம், எனக்குப் பிடித்தது. பூனைக்கு வைத்தேன்.

பங்குனி 8, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் சாமி ஊர்வலம். கொட்டுக்காரர்களோடு நடந்தேன். மேலத்தெருவில் பூக்கட்டும் ராசம்மா அத்தை வீடு வந்ததும் கொட்டு நின்றது. நாலு வீடு தாண்டி மறுபடி ஆரம்பித்தது. என்னவென்று கேட்டேன்.

"தலைவர் சொன்னாக, தம்பி. அந்த எடத்துல அடிக்கக் கூடாதாம்."

நின்றுவிட்டேன். எல்லா வீட்டிலும் தாளிக்கிற வாசனை, கடுகு, வெங்காயம். அந்த வீட்டில் இல்லை. கொடியில் துணி இல்லை. அத்தை கதவோரம் நின்று சாமியைக் கும்பிட்டாள். தலை வாரவில்லை. எண்ணெய் காணாத தலை.

ஆத்தா வந்திருக்கிற வீட்டில்தான் தாளிக்க மாட்டார்கள், துணி வெளுக்க மாட்டார்கள், தலை வார மாட்டார்கள், கொட்டுச் சத்தம் ஆகாது. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வேப்பிலையைப் பார்த்தால் எவனும் உள்ளே போக மாட்டான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இப்போது எல்லா வாசலிலும் வேப்பிலை.

வீட்டுக்கு ஓடினேன். அக்கா தலையில் மல்லிகை. "எங்கக்கா வாங்குன?"

"ராசம்மா அத்தை வீட்டுலதான். நேத்துப் போனேன். பூக் கட்டித் தர்ற வரைக்கும் உள்ளதான் உக்காந்திருந்தேன். அவுக மருமகளுக்குக் காச்சலாம், சுருண்டு கெடந்தா. ராசு அவ போர்வைய இழுத்து இழுத்து வெளையாடுனான், பாவம் அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்ல."

அக்காவிடம் அப்போது சொல்லவில்லை. சி. வீட்டுக்குப் போனேன்.

"தெரியுமா ஒங்களுக்கு?"

சத்தம் போடுவார் என்று பார்த்தேன். கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு. தெரியும்."

"சொல்லாம மறைச்சிருக்கீக. வேப்பிலைய வேற ஊரெல்லாம் கட்டச் சொல்லி..."

"மறைக்கிறதுக்கா கட்டச் சொன்னேன்? ஆத்தா மனசு குளுரட்டும்னுல்ல கட்டச் சொன்னேன். வெளிய தெரிஞ்சா போலீசு வரும். கதவ ஒடைப்பானுக. இன்னொரு வீட்டுப் பொம்பள கையிலருந்து பிள்ளையப் புடுங்குவானுக. அத ஒருக்கா பாத்தாச்சு, பாண்டி. திருவிழா முடியட்டும்."

"நேத்து அக்கா ராசுவத் தூக்கிட்டு உள்ள போயிருக்கு."

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் வந்துவிட்டேன்.

பங்குனி 9, வெள்ளி

காலையில் அக்காவிடம் சொன்னேன். கத்துவாள் என்று பயந்தேன். பிள்ளையின் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"குத்துனா செல்விக்கு ஆன மாதிரி ஆயிருச்சுன்னா?"

தெரியாது என்றேன்.

"குத்தலைன்னா?"

அதற்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த வழுக்கைத் தலையர் சொன்ன ரெண்டு மூணு நாள் மட்டும்.

அம்மா காப்பைக் காட்டி அழுதாள். காப்போடு எல்லை தாண்டி ஊசி குத்தினால் நேர்ந்துகொண்டது என்ன ஆவது? அவிழ்த்தால் அது இன்னும் மோசம். அக்கா எழுந்து பிள்ளையைத் துணியில் சுற்றினாள். "அவுக்க வேணாம். காப்போடயே போவோம். ஆத்தாளும் கூட வரட்டும்."

மத்தியான வெயில். தெருவில் ஆள் இல்லை. சைக்கிளில் அக்கா பின்னால், பிள்ளை மடியில். புளியமரத்தில் முத்து. மடியில் டின். கையில் கம்பு. பார்த்துவிட்டான். மிதிப்பதை நிறுத்தினேன்.

கம்பைக் கீழே வைத்தான். "வார ஜீப்பத்தான் பாக்கச் சொன்னாக. போற சைக்கிளப் பாக்கச் சொல்லல." முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சின்னாளப்பட்டி. தறிச் சத்தம் தெரு முழுக்க. அதே ஆள், ஒரு வீட்டு முற்றத்தில். என்னைத் தெரிந்துகொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. ஊசி முனையை விளக்குத் தீயில் காட்டி ஆற வைத்தார். எங்கள் கண் முன்னால், ஒவ்வொரு ஆளுக்கும். அக்கா அதையே பார்த்தாள். முதலில் தன் கையை நீட்டினாள். பிறகு ராசு. தோலில் வைத்து ஒரு திருகு. அவன் வீறிட்டது இன்னும் காதில். எனக்கும் ஒன்று குத்தினார், பழசு போதாதாம்.

"ஒரு வாரத்துல காச்சல் வரும். குத்துன எடம் கொப்புளிக்கும். அது நல்லது. பயப்படாதீங்க."

"வேற எடத்துல கொப்புளிச்சா?" அக்கா.

அவர் பிள்ளையின் காப்பைச் சரியாகத் தள்ளிவிட்டார்.

பொழுது சாயுமுன் ஊர் திரும்பிவிட்டோம். ராத்தங்கவில்லை. அந்த ஒரு விதியாவது உடையவில்லை.

பங்குனி 14, புதன்

திருவிழா முடிந்தது. நேற்று ராசம்மா அத்தையின் மருமகளும் முடிந்தாள். ஆத்தா எடுத்துக்கொண்ட உயிருக்கு அழக் கூடாது என்று அத்தை வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றாள். கீழத்தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் தாளிப்பு இல்லை. தெருவில் போகும்போது மூக்கால் பார்த்துக்கொண்டே போகிறேன். பைத்தியம் பிடிக்கும்.

வேப்பிலை காய்ந்து உதிர்கிறது. போர்டு இன்னும் மரத்துக் காவலை எடுக்கவில்லை.

ராசு சிரிக்கிறான். பால் குடிக்கிறான். குத்தின இடம் சிவப்பு. என் கையில் வெறும் அரிப்பு.

பங்குனி 17, சனி

காய்ச்சல். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து. உடம்பு அடுப்புக்கல். பால் குடிக்கவில்லை. குத்தின இடத்தில் கொப்புளம், முத்து மாதிரி, சுற்றிலும் வீக்கம். இது ஊசிக் காய்ச்சலா அதுவா? அவர் ஒரு வாரம் என்றார், வாரம் ஆயிற்று. ஆனால் அதுவும் இந்தக் கணக்கில்தான் வருமாம். அம்மா சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்துவிட்டது. முத்து சொல்லவில்லை. அக்கா கை வீக்கத்தைக் குழாயடியில் எவளோ பார்த்துவிட்டாள்.

வாசலுக்கு வெளியே பேச்சு:

"காப்புக் கையோட கூட்டிட்டுப் போயிக் குத்தியிருக்கான். ஆத்தா சும்மா விடுவாளா?"

"பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகட்டும், ஊசிக்காரன் இந்த ஊரு மண்ணை மிதிக்க முடியாது."

இந்தச் சின்ன உடம்பில் எத்தனை பேர் கணக்குப் போடுகிறார்கள். இவனுக்கு ஏதாவது என்றால் கீழத்தெருப் பிள்ளைகள் யாருக்கும் ஊசி இல்லை. செல்வி, அடுத்து ராசு என்பார்கள். கூட்டிப்போனது நான்.

பங்குனி 18, ஞாயிறு

விடியும்போது மேகம். மழை இல்லை.

சி. வந்தார். எங்கள் வாசல் வேப்பிலையைப் பார்த்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். அடிப்பார் என்று எழுந்தேன்.

"ஊரக் காட்டிக் குடுத்துட்டே."

"ஆமா."

"ஊசிய நெருப்புல காட்டுனானா?"

"ஒவ்வொரு ஆளுக்கும். நான் பாத்தேன்."

"செல்விக்குக் காட்டல." துண்டால் கண்ணைத் துடைத்தார். வியர்வை மாதிரி. "கீழத்தெருக்காரவுக எங்கிட்டக் கேக்குறாக, குத்திக்கிறதா வேணாமான்னு. என்னத்தச் சொல்லட்டும் நான்? பிள்ளை எப்படி இருக்கான்?"

"காச்சல்."

"வேற எங்கயாச்சும் கொப்புளம் போட்டிருக்கா?"

விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை, வெயில் வந்தால்தான் பார்க்க வேண்டும் என்றேன். அவர் போகவில்லை. வாசலில் கல்லின்மேல் உட்கார்ந்தார். தெருமுனையில் கீழத்தெரு ஆட்கள் நாலைந்து பேர். அவர்களும் போகவில்லை.

மேகம் விலகிவிட்டது. முற்றத்தில் வெயில். அக்கா ராசுவைக் கொண்டு வந்து துணியை அவிழ்க்கிறாள். உள்ளங்கை பார்க்கிறாள். உள்ளங்கால். நான் தலையைத் தூக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறவரைக்கும் பார்க்க வேண்டாம் அல்லவா.

குப்புறப் போட்டுவிட்டாள். முதுகு.

சி. எழுந்து நிற்கிறார்.

"பாண்டி, இங்க வா" என்கிறாள் அக்கா. குரலில் ஒன்றும் தெரியவில்லை.