துர்காதேவியின் திரை

ஜூலை 8, செவ்வாய்
சுகாதாரக் கல்வியாளர்கள் எல்லோருக்கும் லேப்டாப் வந்துவிட்டது. அதை வைத்துப் பாடம் நடத்தக் கற்றுத்தருவது என் வேலை. இத்தனை வருஷமாக அட்டைப் படம் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சர்க்கரை நோய் பற்றிப் பேசிய துர்காதேவி, மவுஸைத் தொட்டதும் ஊமையாகிவிடுகிறார். “இது கையில இருந்தா வாயே வரமாட்டேங்குது மேடம்.”

ஜூலை 10
ஸ்லைடு செய்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு முகூர்த்தப் புடவை! அரக்கு உடல், பச்சைக் கரை, நடுவே ஜரிகை நிறத்தில் எழுத்து. படிக்க முடியாது என்றேன். மற்றவர்கள் மாற்றினார்கள். துர்காதேவி மாட்டேன் என்றார். வெறும் வெள்ளை துக்க வீடு மாதிரி இருக்குதாம். நான் வற்புறுத்தியிருக்க வேண்டுமோ?

ஜூலை 14, திங்கள்
பிள்ளையார்பாளையத்தில் அவருடைய முதல் வகுப்பு. வந்தவர்கள் தறி வீட்டுப் பெண்கள். காலில் புண் வந்தால் அலட்சியம் கூடாது என்று இவர் வாசிக்க, பின்வரிசையில் கரையின் பச்சையைப் பற்றிப் பேச்சு. ஒருத்தி கேட்டாள்: “முந்தானை எப்போ வரும்மா?” கூடமே சிரித்தது.
ஆட்டோவில் லேப்டாப்பை என் மடியில் வைத்தார். “என்னை விட்டுடுங்க மேடம். நான் அட்டைக்கே போறேன்.”
அட்டை இனி கிடையாது. லேப்டாப் வேண்டாம் என்பவரை மருந்துக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அவர் இல்லாமல் அந்தத் தெருவில் யார் பேச்சை யார் கேட்பார்கள்?

ஜூலை 15
அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, அவர் ஸ்லைடுகளை நானே நடத்தினேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, “நகருங்க” என்று கரையை அழித்தார். எழுத்தையும். மிஞ்சியது ஒரு பாதத்தின் படம்.

ஜூலை 17
திரையைக் கறுப்பாக்கும் பொத்தானைக் காட்டினேன். “அப்போ இது என்னைப் பேச விடுமா?” குழந்தை மாதிரி அதையே அழுத்திக்கொண்டிருந்தார்.

ஜூலை 22, செவ்வாய்
மறுபடியும் பிள்ளையார்பாளையம். சுகாதாரத் துறை அதிகாரியும் வந்திருந்தார்.
திரையில் அந்தப் பாதம். “தறிக்குழியில தொங்குற காலு. உங்க வீட்டுக்காரர் உள்ளங்காலைக் கடைசியா எப்போ பாத்தீங்க?” கேட்டுவிட்டுத் திரையைக் கறுப்பாக்கினார். காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.
ஒருத்தி எழுந்தாள். சர்க்கரை நோயுள்ள அவள் கணவருக்குக் கால் கட்டைவிரல் கறுத்திருக்கிறதாம். வலிக்கவில்லை என்று நெய்துகொண்டே இருக்கிறாராம்.
“வீடு எங்கம்மா? நட.” துர்காதேவி செருப்பை மாட்டிக்கொண்டார். அதிகாரி பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசலிலிருந்து எனக்கு மட்டும் ஓர் உத்தரவு: “மேடம், அந்த ஒயரைச் சுத்தி வையுங்க.”
சுற்றிக்கொண்டிருந்தேன். இவங்க உங்ககிட்டப் பயிற்சி எடுத்தவங்களா என்று அதிகாரி கேட்டார்.
ஆமாம் சார் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.