கை இல்லாத ஃபாக்டரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும், உன் இருமல் விட்டதா. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பாவும் தம்பியும் சமையலறை வாசலில் வந்து நின்றுகொள்கிறார்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதி, போட்டோ கடைக்காரரிடம் கொடுத்துப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். அப்பாவுக்கு நெற்றியில் தையல் போட்டிருக்கிறது, தம்பிக்கு விலா எலும்பில் விரிசல். பதறாதே, முழுக்கப் படி.

எல்லாம் நீ கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்த அந்த ஃபாக்டரி கட்டுகிற விளையாட்டில் ஆரம்பித்தது. உன்னைத் திட்டவில்லை, ரிட்டயர் ஆன மனுஷன் வீட்டில் உட்கார்ந்து என் சமையலில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார், அவருக்குப் பொழுது போகட்டும் என்றுதான் செய்தாய். ஆனால் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. டப்பா ஃபாக்டரியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவருக்கு வேலை வீட்டுக்கே வந்துவிட்டது, அதே ஃபாக்டரியில் இருக்கிற உன் தம்பியும் ஷிஃப்ட் முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். சாப்பிடக் கூப்பிட்டால் இரும்பு வரலை, செம்பு அடைச்சுக்கிட்டு நிக்குது என்று கத்துவார்கள். கீழ் வீட்டு டீச்சர் நாம் நிஜமாகவே ஏதோ கம்பெனி வைத்திருக்கிறோம் என்று நினைத்துத் தன் தங்கை மகனுக்கு வேலை கேட்டாள். புகை அதிகமானால் பூச்சிக் கூட்டம் வந்து மெஷினைக் கடிக்குமாமே, அதற்கு மதில் கட்டி, துப்பாக்கி வைத்து, நெருப்பைப் பீய்ச்சி அப்பா கொன்று குவிப்பார். எறும்பைக்கூட மிதிக்காமல் ஒதுங்கிப் போகிற மனுஷன், சாவுடா சாவு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுடுவதைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும்.

அதோடு நின்றிருந்தால் சரி. இரண்டு பேருமாக நிஜ டப்பா ஃபாக்டரியையே அதில் கட்டினார்கள். இரண்டு பெல்ட்டை ஒன்றாக்கி, நடுவில் ஆள் நிற்கிற இடத்தை எடுத்துவிட்டு, மெஷின்களை நெருக்கி வைத்தால் டப்பா கொட்டோ கொட்டென்று கொட்டியது. இத்தனை காலம் எனக்குத் தோணலையேடா என்று அப்பா அவன் முதுகில் தட்டினார். தம்பி அதை போனில் படம் பிடித்துக்கொண்டு போய் மேனேஜரிடம் காட்டினான். எப்போதும் கையில் கடிகாரத்தோடு திரிகிறார் என்று ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்தார்களே, அவர்தான். அவருக்கு வாயெல்லாம் பல், அப்படியே மெஷின்களை நகர்த்தச் சொல்லிவிட்டார். விளையாட்டில் டப்பா சிக்கினால் மவுஸை ஒரு தட்டு தட்டினால் போதும், நிஜத்தில் சிக்கினால் ஒரு ஆள் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். இது அப்பனுக்கும் தோன்றவில்லை, பிள்ளைக்கும் தோன்றவில்லை, படித்த மேனேஜருக்கும் தோன்றவில்லை. காலை ஊன்றி நிற்க இடமில்லை, லைனை நிறுத்துகிற சிவப்புப் பட்டன் பழைய பெல்ட் பக்கமே இருந்துவிட்டது. மூடி அழுத்துகிற மெஷினில் நிற்பாளே, உன் கல்யாணத்துக்கு எனக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த அக்கா, அவள் சாய்ந்துபோன ஒரு டப்பாவை எடுக்கக் கையை விட்டாள். மெஷின் இறங்கிவிட்டது. மூன்று விரல் போய்விட்டது. மற்றவர்கள் ஓடிப்போய் பட்டனை அழுத்துவதற்குள் அவள் ரத்தம் பட்ட டப்பாக்கள் ஒழுங்காக மூடி போட்டுக்கொண்டு பாக்கிங் பக்கம் போய்க்கொண்டிருந்தனவாம்.

ஸ்டாப்வாட்ச் எல்லோர் எதிரிலும் இது உன் பிளான்தானேடா என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், கையில் இருந்த ஸ்பானரால் உன் தம்பி அவர் தாடையிலேயே போட்டான், விழுந்த பிறகும் விடவில்லையாம், பெரிய கூட்டமே சேர்ந்து இழுத்திருக்கிறது. அன்று சாயங்காலமே அவருடைய மச்சினன் ஆட்களோடு வந்து நம் கதவை உடைத்தான். தம்பியை மாடிப்படியில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். தடுக்கப் போன அப்பாவின் தலையைப் பிடித்து கதவு நிலையில் மோதினார்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேனா, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரைத் தூக்கி அந்த மச்சினன் முதுகில் ஊற்றினேன். அவன் அலறின அலறலில்தான் மற்றவர்கள் ஓடினார்கள். சட்டையோடு தோல் உரிந்து வந்ததைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு வருத்தமும் இல்லை, ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். உங்க பையன் ஏன் வரலை என்றுதான் முதலில் கேட்டாள். உனக்காகத்தானே அவரை அடிச்சான் என்றேன். அவன் அடிச்சதுல எனக்கு விரல் முளைச்சுடுச்சா என்று கேட்டுவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதை வந்து இவனிடம் சொன்னால் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிகிறான். அடிக்கத் தைரியம் இருக்கிறது, அவள் கட்டுப் போட்ட கையைப் போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பேரும் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள், சரி விளையாடித் தொலையட்டும் என்று விட்டேன். மதில் கட்டினா பூச்சி வந்துக்கிட்டேதான் இருக்கும், கூட்டையே அழிக்கணும் என்றார் அப்பா. ஞாயித்துக்கிழமை எல்லாம் கூட்டுல இருக்கும்பா என்றான் தம்பி. விளையாட்டில் ஏதடி ஞாயிற்றுக்கிழமை. எட்டிப் பார்த்தால் ஸ்டாப்வாட்ச் வீட்டு வாசல், பின்கதவு, சுற்றுச்சுவர் எல்லாவற்றையும் அப்படியே அதில் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் இரும்புக் குழாயும் ஒரு கேன் பெட்ரோலும் இருக்கிறது. கெஞ்சினேன், தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். சரி சரி என்றார்கள். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா.

நேற்று கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே ஸ்டாப்வாட்ச் வீட்டுக்கே போனேன். மச்சினனின் ஆட்கள் வாசல் நடையில் செருப்புகளுக்கு நடுவே கட்டைகளோடு காத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவும் தம்பியும் போனால் முழுசாகத் திரும்ப மாட்டார்கள். வெந்நீர்க்காரி வந்திருக்கா என்று ஒருவன் எழுந்தான், மேனேஜர் பெண்டாட்டிதான் அவனை அதட்டி உட்கார வைத்து என்னை உள்ளே கூட்டிக்கொண்டாள். அவருக்குத் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறது, குழல் போட்டுப் பால் குடிக்கிறார். பள்ளிக்கூடம் போகிற பெண் ஒன்று மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்து படிக்கிறது, வெளியே வாம்மா என்றால் வர மாட்டேன் என்கிறதாம். போலீசுக்குச் சொல்லிடலாம் என்றேன். சொன்னா உங்க பையனும் உள்ள போவான், என் தம்பியும் உள்ள போவான், வெளியே வந்து திரும்ப அடிச்சுக்குவானுங்க என்றாள். அந்த மச்சினன் அவள் கூடப்பிறந்தவன். கடைசியில் நானும் அவளுமாக ஒரு முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் போய் அந்த வீட்டில் உட்கார்ந்துகொள்வேன், என்னைப் பார்த்த பிறகு அவள் தன் தம்பியையும் கட்டைகளையும் வெளியே அனுப்பிவிடுவாள்.

இதை இவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதே, என்னை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து அங்கே போவதாக இவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன், அதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பேருக்கும் போன் போடு. நான் சொன்னால் மிரட்டுகிறேன் என்பார்கள், உன் பேச்சுக்குத்தான் இருவரும் அடங்குவார்கள். அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல். அந்தப் பெட்ரோலை ஊற்றுவதானால் என் மேலும் சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும் என்று சொல். அக்கா இருக்கிற ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகிறது என்று தம்பிக்குத் தெரியும், அந்த பஸ்ஸில் ஏறச் சொல்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவர் மேல் ஒருவர் கை நீட்டாமல், பேசித் தீர்த்துக்கொண்டு நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும். இருமலுக்கு மருந்தை நேரத்துக்குக் குடி. ஞாயிற்றுக்கிழமை இங்கே மத்தியானமாகும்போது அந்த நாட்டில் என்ன நேரமாக இருந்தாலும் தூங்கிவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா