நாற்பது மீட்டருக்கு ஒரு ஸ்கோப்

ரோய்டைன் பண்ணை, கலஹாரி
மார்ச் 4, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தியூனிஸ் எழுதுவது. நானும் எலனாவும் நலம். அப்பிங்டனில் வெயில் எப்படி? இங்கே காலையிலேயே மணல் சுடுகிறது. போனில் பேசியிருப்பேன், ஆனால் இங்கே எல்லோருக்கும் ஒரே டெலிபோன் கம்பி, சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் காது வைத்திருக்கிறார்கள். நான் இருமினால் பக்கத்துப் பண்ணை அம்மாள் மருந்து சொல்கிறாள்.

ஆடு வளர்த்தது போதும் என்று முடிவு செய்துவிட்டோம். இனி வேட்டைக்கு வரும் வெளிநாட்டு விருந்தாளிகள்தான் பிழைப்பு. துப்பாக்கி கொண்டு வராதவர்களுக்காக இரண்டு ரைஃபிள் வாங்கிவிட்டேன். மேலே பொருத்திக் குறிபார்க்கும் கண்ணாடி, ஸ்கோப்தான் பாக்கி. வடக்கே முள்காடு, தெற்கே வெட்டவெளி. இரண்டுக்கும் ஒரே மாதிரி போதாதா? அத்தான் போனபின் துப்பாக்கிக் கடையை நீதான் நடத்துகிறாய், நீயே சொல்.

நீ இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று எலனாவுக்குக் குறை.

அன்புத் தம்பி,
தியூனிஸ்


அப்பிங்டன்
மார்ச் 13, 1996

அன்புள்ள தம்பிக்கு,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. படித்து முடிக்க மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தேன்.

ஒரே மாதிரி போதாது. முள்காட்டில் எண்பது மீட்டருக்கு மேல் உனக்குப் பார்வையே கிடையாது. கெம்ஸ்பாக் மான் ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குள் போவதற்குள் சுட வேண்டும். அதற்கு ஒன்றரை மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை காட்டும் ஸ்கோப். ஒன்றரையில் வைத்தால் இரண்டு கண்ணையும் திறந்தபடி பார்க்கலாம். சுடவேண்டிய மானும் தெரியும், அதன் பின்னால் நிற்கும் குட்டியும் தெரியும்.

வெட்டவெளியில் ஸ்பிரிங்பாக் மான் உன்னை இருநூறு மீட்டருக்குள் விடாது. அதற்கு மூன்றிலிருந்து ஒன்பது. அதற்கும் மேலே கேட்கிற விருந்தாளியை நம்பாதே. மடங்கு கூடினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். மதியத்தில் கானல்தான் ஆடும். நடக்கும்போது எப்போதும் குறைந்த எண்ணில் வைத்திருக்கச் சொல். மான் தூரத்தில் நின்றால் மடங்கு மாற்றும் வளையத்தைத் திருப்ப நேரம் இருக்கும். பக்கத்தில் நின்றால் இருக்காது.

இரண்டையும் வெள்ளிக்கிழமை லாரியில் அனுப்புகிறேன். எலனாவுக்கு உலர்ந்த திராட்சையும் வைத்திருக்கிறேன். நீ வழியிலேயே தின்றுவிடாதே.

அன்புடன்,
அக்கா ஹெஸ்டர்


ரோய்டைன்
மே 20, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு ஸ்கோப்பும் தங்கம். முதல் விருந்தாளி வெட்டவெளியில் ஒரே குண்டில் ஸ்பிரிங்பாக்கைச் சாய்த்துவிட்டு, “இந்தக் கண்ணாடிய எனக்கே குடுத்துடேன்யா” என்று கெஞ்சினார்.

இப்போது இன்னொன்று வேண்டும். ஆறிலிருந்து இருபத்துநான்கு மடங்கு வரை காட்டும் பெரிய ஸ்கோப். தூரம் நாற்பது மீட்டர்தான். ஜூனில் ஒரு பெரிய விருந்தாளி வருகிறார், ஒரு விசேஷ ஏற்பாடு. அந்தத் தூரத்துக்குத் தெளிவாகத் தெரியுமா என்று மட்டும் சொல்.

எலனா உன்னை நலம் கேட்டதாகச் சொன்னாள்.

அன்புத் தம்பி,
தியூனிஸ்


அப்பிங்டன்
மே 27, 1996

அன்புள்ள தம்பிக்கு,

நாற்பதா, நானூறா? எழுத்துப் பிழை என்றே நினைத்தேன்.

அந்த ஸ்கோப் பெரிய மடங்கில் ஐம்பது மீட்டருக்குக் கிட்டே தெளிவாகாது. நாற்பது மீட்டரில் இருபத்துநான்கு மடங்கு வைத்துப் பார்த்தால் ஒரு கை அகலத் தோல்தான் தெரியும், அதுவும் கலங்கலாக. எந்தக் காட்டு விலங்கு நாற்பது மீட்டரில் அசையாமல் நின்று உன் விருந்தாளியைத் தேட விடுகிறது? என்ன ஏற்பாடு என்று எழுது. எழுதினால்தான் அனுப்புவேன்.

ஹெஸ்டர்


ரோய்டைன்
ஜூன் 3, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சிங்கம். தூரத்தில் ஒரு பண்ணையில் வளர்க்கிறார்கள். குட்டியாய் இருக்கும்போது சுற்றுலா வரும் பிள்ளைகள் புட்டிப்பால் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பெரிதானதும் லாரியில் எங்களிடம் வரும். மனிதரைக் கண்டு ஓடாது. வேலி போட்ட இடத்தில் விடுவோம். இந்த விருந்தாளி கூரை ஓடு வியாபாரி. சுடும்போது அதன் கண் ஸ்கோப் முழுக்கத் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை.

முகத்தைச் சுளிக்காதே. எல்லாம் சட்டப்படிதான். ஆட்டை அறுத்து விற்றபோது நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னிடம் கண்ணாடி வாங்குகிறவர்கள் யாரும் நட்சத்திரம் பார்ப்பதில்லை. பதினைந்தாம் தேதி நீயே எடுத்துக்கொண்டு வா. வந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசு.

தியூனிஸ்


அப்பிங்டன்
ஜூன் 18, 1996

தியூனிஸ்,

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். எலனா பால் அப்பம் சுட்டு வைத்திருந்தாள். அதைத் தாண்டித்தான் வந்தேன்.

உன்னைத் தடுக்கத்தான் வந்தேன். தடுக்க வந்தவள் எதற்கு ஸ்கோப்பையும் காரில் போட்டுக்கொண்டு வந்தாள் என்று கேட்காதே. கடைக்காரி புத்தி.

உன் பண்ணையாள் ஓலெபிலே வாளியைத் தட்டினதும் சிங்கம் மரத்தடியிலிருந்து எழுந்தது. சோம்பல் முறித்தது. வண்டியை நோக்கி நடந்து வந்து நாய் மாதிரி உட்கார்ந்தது. வாளியிலிருந்த கழுதை இறைச்சியின் நாற்றம் இன்னும் என் தலைமுடியில் இருக்கிறது. அது சாப்பாட்டுக்காகக் காத்திருந்தது. அவ்வளவுதான்.

உன் ஓடு வியாபாரி சிணுங்கினார். “ஒண்ணும் தெரியலையே, எல்லாம் மசமசன்னு இருக்கு.”

“அவசரமே இல்ல சார், அது எங்கயும் போகாது” என்று சொல்லி நீ வளையத்தைத் திருப்பினாய். “இப்ப?”

“வெறும் ரோமந்தான். கண்ணு எங்கய்யா?”

எல்லோரும் சிரித்தீர்கள். அவர் மனைவி வீடியோ கேமராவை இறக்கிவிட்டு, “கொட்டாவி விடுது பாருங்க. படத்துல அசிங்கமா இருக்கும். கொஞ்சம் கோவப்படுத்துங்களேன்” என்றாள். நீ ஓலெபிலேயைக் கல் எறியச் சொன்னாய். அவன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நீ பிடுங்கி எறிந்தாய். விலாவில் பட்டது. சிங்கம் எழுந்து, கல்லை முகர்ந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தது.

அந்த ஆள் அப்படியே சுட்டிருந்தால் தாடை உடைந்து பொழுது சாயும் வரை கிடந்திருக்கும். அதனால்தான் நான் கையை நீட்டி ஆறு மடங்குக்கு இறக்கினேன். “இப்பப் பாருங்க” என்றேன். “ஆஹா” என்றார். சுட்டார்.

அது வேதனைப்படாமல் போகட்டும் என்று செய்தேன். வழி முழுக்க எனக்கே அதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆற்றுப் பாலத்தருகே வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். உன்மேல் மட்டும் அருவருப்பு என்றால் வாந்தி வந்திருக்காது.

தம்பி, இதை விட்டுவிடு. மறுபடி ஆடு வாங்கு, கோழி வாங்கு, என்னுடன் கடையில் வந்து நில். ‘நிறுத்திவிட்டேன்’ என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அக்கா


ரோய்டைன்
ஜூலை 2, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சின்ன வயதிலிருந்தே இளகிய மனசுக்காரி, அதனால் உன் கடிதத்தை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. ஓடு வியாபாரி உன்னைத்தான் புகழ்கிறார். “அந்தம்மா இல்லேன்னா கண்ணே தெரிஞ்சிருக்காதுய்யா” என்று இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

அவர் மனைவி எடுத்த படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், பார். ஸ்கோப்பின்மேல் உன் கை அழகாய் விழுந்திருக்கிறது. எங்கள் விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் அதைத்தான் போட்டிருக்கிறோம். கீழே ‘ஸ்கோப் நிபுணர் உடனிருப்பார்’ என்று அச்சடித்தாகிவிட்டது. ஆகஸ்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து வருகிறார்கள், அவர்களுக்கு இரண்டு சிங்கம். ஆகவே இன்னொரு ஸ்கோப் வேண்டும், நீயும் வேண்டும். வருவாய்தானே?

எலனா உன் கடிதத்தைப் படித்தாள். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. நீ அவளுக்கு நாலு வார்த்தை நல்லபடியாக எழுது.

அன்புத் தம்பி,
தியூனிஸ்


ஸ்டெய்ன்காம்ப் துப்பாக்கிக் கடை, அப்பிங்டன்
ஜூலை 9, 1996

திரு. தியூனிஸ் மாரே அவர்களுக்கு,

ஐயா,

தாங்கள் ஜூலை 2 அன்று எழுதிய கடிதமும் படமும் கிடைத்தன.

தாங்கள் கேட்ட ஸ்கோப் தங்களுக்கு இங்கே விற்கப்படாது. வேறு எதுவும் விற்கப்படாது.

படத்தில் உள்ள கை இந்தக் கடையின் உரிமையாளருடையதுதான். அதை அவர் மறுக்கவில்லை. தங்கள் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து விசாரிக்கும் எவரிடமும் அதை ஒப்புக்கொள்வார். அன்று எத்தனை மீட்டரில், எதைக் காட்டி அழைத்து, எப்படிச் சுடப்பட்டது என்பதையும் சொல்வார். நேற்று இரண்டு பேரிடம் சொன்னார்.

திருமதி எலனா மாரே இன்று காலை பேருந்தில் இங்கே வந்து சேர்ந்தார். நலமாக இருக்கிறார். தங்களுக்குச் செய்தி எதுவும் தரவில்லை.

இப்படிக்கு,
ஹெ. ஸ்டெய்ன்காம்ப்
உரிமையாளர்