நீலச் சுங்கடி

புனே,
12.6.1994

வடிவுக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்து நேற்றுத்தான் வந்து சேர்ந்தேன்.

இரண்டு நாள் ரயிலில் வந்த எனக்கு அம்மா முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நீயாவது பக்கத்தில் இருந்திருப்பாய் என்று நம்பினேன். சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்தானே? உன் வீட்டுக்காரர் மட்டும் மாலையோடு வந்தாராம். பதினாறுக்கும் நீ வரவில்லை. அத்தை அத்தை என்று அந்த வீட்டில் நீ தின்ற சோறு கொஞ்சமா?

கடைசியில் அம்மாவுக்குப் புத்தியும் தடுமாறிவிட்டது போலிருக்கிறது. பெட்டியைத் திறந்தால், நீலச் சுங்கடி உட்பட நல்ல நூல் சேலைகளையெல்லாம் துண்டு துண்டாகக் கிழித்து வைத்திருக்கிறாள். உனக்கு அதெல்லாம் எதற்கு?

இனி எனக்கு எழுதாதே.

விஜயஸ்ரீ


சீவலப்பேரி,
18.1.1995

என் விஜிக்கு,

எழுதாதே என்றாய். ஏழு மாதம் எழுதவில்லை, போதுமா? எனக்கு மகன் பிறந்து முப்பது நாளாகிறது. பெண்ணாயிருந்தால் அத்தை பெயர் வைக்கலாம் என்றிருந்தேன். ஏமாற்றிவிட்டான்.

போன சித்திரையில் அத்தையைப் பார்க்கப் போனேன். படுத்த படுக்கையாக இருந்தாள். சொதி வேண்டும் என்று ஆசையாகக் கேட்டாள். அடுப்படியில் தேங்காய்ப்பால் வாடை பட்டதும் எனக்குக் குமட்டிவிட்டது. கட்டிலில் கிடந்தபடியே கண்டுபிடித்துவிட்டாள்.

“ஏட்டி, ரெண்டு தடவ தங்காமப் போச்சு. இதை யார்ட்டயும் மூச்சு விடாத, விஜிட்டயும்தான். நான் போயிட்டேன்னா துட்டி வீட்டுக்கு நீ வரப்பிடாது. அவ கோவிப்பா, கோவிக்கட்டும். பிள்ளையைக் கையில வாங்கிட்டு எழுது” என்றாள். தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

தகவல் வந்த அன்றைக்கு இவர் கிளம்பிப் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டும் அழுதேன்.

குறுக்குத்துறையில் உன் சடையையும் என் சடையையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டுதான் நம்மை ஆற்றில் முங்க விடுவாள், ஞாபகமிருக்கிறதா? கரையேறியதும் நீலச் சுங்கடி முந்தானையால் முதலில் என் தலையைத்தான் துவட்டுவாள். நீ முறைப்பாய். “அவ பஸ்ஸுல போணும்லா” என்பாள். அந்தக் கைக்கு இப்போது எங்கே போவேன், விஜி? உன்னிடம்தானே வர முடியும்?

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் வடிவு


புனே,
27.1.1995

ஏட்டி வடிவு,

உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தேன். தூர எறிய மனம் வராமல் அந்தத் துண்டுகளைக் கூடவே கொண்டுவந்திருந்தேன். எல்லாம் ஒரே அளவுச் சதுரம். அந்த நோயோடு உட்கார்ந்து ஓரமெல்லாம் மடித்துத் தைத்திருக்கிறாள்.

பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும், பழைய நூல் சேலைதான் ஆகும் என்று என் மகளுக்கும் இப்படித்தான் கிழித்துத் தந்தாள். ஆனால் அன்றைக்கு யாருக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்திருந்தால்தானே எனக்குப் புரிந்திருக்கும்? அம்மா புத்தி தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. உன்னை அப்படி எழுதிய என் கையைத்தான் ஒடிக்க வேண்டும்.

இருபத்தாறு துணி இருக்கிறது. உயிரோடிருக்கும்போது அவளே கிழித்தது, தீட்டு ஒன்றுமில்லை. தபாலில் அனுப்ப மாட்டேன். மாசியில் நானே கொண்டுவருகிறேன். நீலத்தில் ஒன்றே ஒன்று எனக்குத் தா.

மருமகனை உன் மாமியாரிடம் விட்டுவிட்டு நாம் குறுக்குத்துறைக்குப் போவோம். இந்தத் தடவை முதலில் என் தலையைத் துவட்ட வேண்டும், சொல்லிவிட்டேன்.

விஜி