உன் அரைகுறை ஹொக்கியன்

என் ஆசை அண்ணே,

நீ போனதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. சண்டை போட ஆளில்லாமல் என் வாய்க்கும் வேலை இல்லை.

ஒன்று சொல்லட்டுமா? உன் குட்டு உடைந்துவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்தபோது சீனக் கூட்டாளிகளிடம் பொறுக்கின ஹொக்கியன் பாஷையை வைத்துக்கொண்டு எங்களை என்னமாய் ஏய்த்தாய்! மார்க்கெட்டில் நீ வாயைத் திறந்தால் மீன் விற்கிற சீன ஆண்ட்டி சிரிப்பார். நாங்கள் வாயைப் பிளப்போம். எங்களுக்குத்தான் ஒரு வார்த்தையும் தெரியாதே. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு சீனத் தாத்தா வந்தார். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்துக் கட்டிலில் இருந்தாரே, அவர்தான். உடம்புக்கு முடியாத மனிதர், ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். நானும் உன்னைப் போல ஹொக்கியன்தான் பேசச் சொல்வேன் என்று நினைத்து ஹொக்கியனில் மடமடவென்று பேசினார். நான் திருதிருவென்று முழித்தேன். அவர் சிரித்துவிட்டு மலாய்க்கு மாறினார்.

"ஒங்க அண்ணனும் இப்படித்தான்லா! சாப்டாச்சா, எவ்ளோ, ரொம்ப நல்லாருக்கு. ஹொக்கியன்ல அவ்ளோதான் வரும். முடிஞ்சா மறுபடி மொதல்லேருந்து. மலாய் பேசலாம்னா கேக்கவே மாட்டாரு."

நீயாவது கேட்பதாவது!

எல்லாரும் சிரித்தோம், அண்ணே. ஆனால் எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது வேறு. பார்வையாளர் நேரத்துக்கு முன்னாலேயே நீ போய்விட்டாய். பக்கத்தில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை. பேசக்கூட யாரும் இல்லாமல் தவித்தாயோ? அதை அவரிடம் கேட்டே விட்டேன்.

அவர் முகம் மாறியது. "அன்னிக்குக் காலையில அவருக்கு ஹொக்கியன் வரல. முழுக்கத் தமிழ்தான். எனக்கு ஒண்ணும் புரியல. கையப் பிடிச்சுக்கிட்டு, சரி சரின்னு தலையாட்டிக்கிட்டே இருந்தேன். எனக்குப் புரியுதுன்னு நெனச்சிட்டாரு போல. நிம்மதியாப் பேசிக்கிட்டே இருந்தாரு."

நீ தனியாகப் போகவில்லை.

அவர் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: "ஒரு வார்த்தைய மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாரு. தங்கச்சின்னா என்ன?"

என் நெஞ்சில் கைவைத்துக் காட்டினேன்.

அவருக்கு வீட்டில் பேச்சுத்துணைக்கு யாரும் இல்லையாம். இந்த ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு போகப்போகிறேன். அவர் ஹொக்கியனிலேயே பேசட்டும். புரியாவிட்டாலும் பேசி முடிக்கிறவரை எழுந்து வரமாட்டேன். இது சத்தியம்.

உன்
தங்கச்சி