ஆறாம் நம்பர் போர்ட்

மார்ச் 3, செவ்வாய்

கம்ப்யூட்டர் போய்விட்டது. பட்டனை அழுத்தினால் உள்ளே காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, கூடவே கருகிய வாடை. கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மதர்போர்டு எரிந்துவிட்டது, ஹார்ட் டிஸ்க் பிழைத்திருக்கலாம் என்றார். "டிஸ்க ஒரு வாரம் இங்க விட்டுட்டுப் போங்க. உள்ள இருக்கறத எடுக்க முடியுதான்னு பாக்குறோம்."

விடமாட்டேன் என்று கையோடு வாங்கி வந்துவிட்டேன். அதில் இருப்பது பதினோரு வருடத்து பேட்டர்ன்கள், துணி வெட்டும் வரைபடங்கள். கடையில் தொங்கும் உடுப்பு பொருந்தாதவர்களுக்குத்தான் நான் தைக்கிறேன். ஒரு கை குட்டையானவர், அறுவை சிகிச்சையில் ஒரு மார்பை இழந்தவர், முதுகு வளைந்தவர் என்று நூற்று நாற்பது பேருடைய உடம்பு சென்டிமீட்டர் கணக்கில் அதற்குள் இருக்கிறது. அதை முன்பின் தெரியாதவர்கள் திறந்து பார்க்கும் மேஜையில் வைத்துவிட்டு வருவேனா?

இன்னொரு பிரதி எடுத்து வைத்தேனா? இல்லை. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

மார்ச் 4, புதன்

தம்பிக்குப் போன் செய்தேன். அவன் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நூறு கம்ப்யூட்டர்களும் அவன் பொறுப்பு. "அடுத்த மாசம் லீவுல வரேன்க்கா. அதுவரைக்கும் எதையும் தொடாத" என்றான். சிறு வயதில் நான் ரேடியோவைத் திறந்தபோதும் இதையேதான் சொன்னான். அப்போது அவனுக்கு ஏழு வயது!

அடுத்த மாதம் எப்படி? கணக்கு டீச்சரின் கோட் இந்த மாதமே வேண்டும். இருபத்தெட்டாம் தேதி ஒரு பெரிய கூட்டத்துக்கு அவர் தலைமை தாங்குகிறார். போன மாதம்வரை அச்சாகப் பொருந்திய பழைய கோட்டை ரயிலில் மறந்துவிட்டு இறங்கிவிட்டார்.

அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தது. இடது தோள் வலதைவிட நாலு சென்டிமீட்டர் மேலே. இரண்டு வருடம் முன்பு அந்த கோட்டுக்காக ஒன்பது தடவை அளந்தேன். ஒவ்வொரு தடவையும் வந்தவுடன் என் ஆளுயரக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். அளவுக்கென்றே வைத்திருக்கும் மெல்லிய சாம்பல் சட்டையோடு, ஜன்னலைப் பார்த்தபடி, மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பார். ஒன்பதாவது தடவை கோட் உட்கார்ந்தது. "இனிமே உங்கள அளக்கவே மாட்டேன் டீச்சர்" என்றேன். "எழுதிக் குடுங்க" என்று சிரித்தார். நானும் ரசீதின் பின்பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆகவே நானே ஒரு கம்ப்யூட்டர் செய்யப்போகிறேன். பழைய கோட்டைப் பிரித்துப் போட்டுத் திரும்பத் தைப்பவளுக்கு இது என்ன பெரிய கொம்பா?

மார்ச் 7, சனி

சாமான் எல்லாம் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, தடித்த பருத்தித் துணி விரித்து, மதர்போர்டை அதன்மேல் வைத்தேன். என் வீட்டுக்காரர், இவர், பஸ் ஓட்டிக் களைத்து வந்த மனுஷன், ஆனாலும் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

எஸ்.எஸ்.டி. என்கிற புது ரக டிஸ்க் இரண்டு. ஒவ்வொன்றும் விரல் அகலப் பட்டைதான். ஒன்று விண்டோஸுக்கு, இன்னொன்று என் வேலைக்கு. போர்டிலேயே அவற்றுக்கென்று இரண்டு ஸ்லாட். சாய்வாகச் செருகி, மெதுவாகக் கீழே அமுக்கி, நுனியில் ஒரு ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ எறும்பு சைஸ். கீழே விழுந்தது. குண்டூசி பொறுக்கும் காந்தத்தைத் தரையில் ஓட்டினேன், ஒட்டிக்கொண்டது.

"காந்தமா! டிஸ்க் அழிஞ்சிடப் போகுது!" என்று இவர் அலறினார். டிஸ்க் பக்கத்து அறையில், அலமாரிக்குள். அந்த அளவுக்கு எனக்கும் தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு

ஓடுகிறது! முதல் தடவையிலேயே!

பழைய டிஸ்க்கை மாட்டாமல்தான் விண்டோஸைப் போட்டேன். தப்பித் தவறி அதன்மேலேயே போட்டுவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். இப்போது மாட்டலாமே என்று இவர் நச்சரித்தார். கை பதறுகிற நாளில் நான் கத்தரிக்கோலையே எடுப்பதில்லை.

இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், சும்மா, சந்தோஷத்துக்கு.

மார்ச் 9, திங்கள்

காலையில் மாட்டினேன். ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா போர்ட் இந்த போர்டில் ஆறு இருக்கிறது. ஆறாவதைத் தேர்ந்தெடுத்தேன். அது மூலையில் இருக்கிறது, கேபிள் ஓரமாகவே இறங்கி பின்னால் மறைந்துவிடும். உள்தையல் வெளியே தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது. கேபிளை மூன்று இடத்தில் கறுப்பு நூலால் கட்டினேன். "கேபிளே தெரியலையே!" என்றார் இவர்.

திரையில் டிஸ்க்கும் தெரியவில்லை.

ஐந்தாவது போர்ட்டில் போட்டேன். இல்லை. கேபிளை மாற்றி, அதே மூன்று இடத்தில் கட்டினேன். இல்லை. பவர் வயரை மாற்றினேன். இல்லை. தம்பியைக் கூப்பிட்டேன்.

"டிஸ்க் சுத்துதுடா. விரல் வச்சா அதிருது."

"சுத்துனா உயிரோட இருக்குன்னு அர்த்தம் இல்லக்கா."

"மத்த போர்ட்டுல போட்டுப் பாக்கவா?"

"எல்லாப் போர்ட்டும் ஒண்ணுதான். அஞ்சுலயும் ஆறுலயும் வரலைன்னா டிஸ்க் போச்சு. அப்பவே சொன்னேன்ல, தொடாதன்னு."

மார்ச் 10, செவ்வாய்

நானேதான் கெடுத்தேனா?

மார்ச் 11, புதன்

டீச்சருக்கு எழுதினேன். நாலு தடவை எழுதி அழித்து, கடைசியில் உள்ளதை உள்ளபடி: அளவுகள் தொலைந்துவிட்டன, மறுபடி அளக்கவேண்டும், மன்னியுங்கள்.

"சரி. ஞாயிறு வருகிறேன்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து என் ஊசிகளை சைஸ் வாரியாக அடுக்கினார். எல்லாம் தப்பான டப்பாவில். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். நான்! நானேதான்! இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் டிஸ்க்கை எடுத்து வைக்கலாம் என்று போனேன். அணைப்பதற்கு முன்பு ஒரு தடவை விரல் வைத்துப் பார்த்தேன். ஒரே சீராக ஓடுகிறது. இருபத்தாறு வருடமாகத் தையல் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறேன், சாகப்போகிற மோட்டார் எப்படி முனகும் என்று எனக்குத் தெரியாதா? இது முனகவில்லை. அப்படியென்றால் குறை டிஸ்க்கில் இல்லையோ?

புது மெஷின் வாங்கினால் அதன் கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பவள் நான். இந்த போர்டுக்கு மட்டும் படத்தைப் பார்த்து மாட்டிவிட்டேன், அவசரம். உட்கார்ந்தேன். பொடி எழுத்து ஆங்கிலம், ஊசியில் நூல் கோக்கும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரி வரியாக. இருபத்தெட்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. அதில் ஐந்து, ஆறு என்ற எண்களுக்குப் பக்கத்தில் கடுகு போல ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் அதற்கு விளக்கம்: இரண்டாவது ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. போட்டால் ஐந்தாவது, ஆறாவது போர்ட் வேலை செய்யாது.

இரண்டுக்கும் போர்டுக்குள் ஒரே பாதையாம். பட்டை உட்கார்ந்துவிட்டால் அந்தப் போர்ட்டுகளுக்கு வழி அடைபட்டுவிடும். இரண்டாவது ஸ்லாட்டில் போட்டது நான். ஆறு போர்ட்டில் வேலை செய்யாத இரண்டில் ஒன்றைத் தேடிப் பிடித்து, அழகாக இருக்கும் என்று அங்கே மாட்டியதும் நான். வேறு யாராவது கண்ணில் பட்ட முதல் போர்ட்டில் செருகிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார்கள்.

கட்டியிருந்த நூலை மூன்று இடத்திலும் தையல் பிரிக்கும் ஊசியால் பிரித்தேன். கேபிளை இரண்டாம் நம்பரில் செருகினேன். அது போர்டின் குறுக்கே அசிங்கமாகத் தொங்குகிறது. தொங்கட்டும். பட்டனை அழுத்தினேன்.

வந்துவிட்டது. பதினோரு வருடமும் வந்துவிட்டது. டீச்சரின் ஃபைலைத்தான் முதலில் திறந்தேன். இடது தோள், வலது தோள், முதுகு வளைவு, ஒன்பது அளவும் தேதியோடு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சத்தம் போட்டுச் சிரித்தேன். இவர் முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்தார்.

"என்னாச்சு?"

"உங்க பொண்டாட்டி கெட்டிக்காரி."

"அது தெரிஞ்ச விஷயந்தானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போனார். போகிற வழியில் அடுத்த வீட்டுக்காரரிடம் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மார்ச் 14, சனி

முதல் வேலையாக எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி. ஒன்று பீரோவில், பூட்டி.

டீச்சருக்கு எழுதினேன்: "அளவுகள் கிடைத்துவிட்டன. நாளை வரவேண்டாம். 22ஆம் தேதி வந்து கோட்டைப் போட்டுப் பார்த்தால் போதும்." "பார்க்கலாம்" என்று பதில்.

தம்பியிடம் சொன்னேன். எத்தனையாவது பக்கம் என்று கேட்டான். பிறகு, "அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புக்கா" என்றான். அனுப்பினேன். அரை மணி கழித்து அவனே கூப்பிட்டான். "எந்த ஸ்லாட்டுல என்ன இருக்குன்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம டிஸ்க் போச்சுன்னு சொல்லிட்டேன்." குரல் இறங்கித்தான் இருந்தது. "பரவால்லடா, உனக்கு நூறு கம்ப்யூட்டர். எனக்கு ஒண்ணுதானே" என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். ஆனால் போனை வைத்ததும் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தேன், ராணி மாதிரி.

மார்ச் 17, செவ்வாய்

வெட்டியாயிற்று. கருநீலம்.

மார்ச் 20, வெள்ளி

கை வைத்தாயிற்று. காலர் பாக்கி. ஒரு வேளை அவர் உடம்பு மாறியிருந்தால்? போன மாதம்வரை பொருந்தியதே. இருந்தாலும் இன்று இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

டீச்சர் பத்து மணிக்கு வந்தார். உள்ளே வந்ததும் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். மேல்சட்டையைக் கழற்றினார். உள்ளே அந்தச் சாம்பல் சட்டை. நான் எழுதியதை அவர் நம்பவில்லை. ஜன்னலைப் பார்த்து, மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார்.

நான் பின்னாலிருந்து கோட்டைப் போட்டுவிட்டேன்.

இடது தோளில் உட்கார்ந்தது. முதுகில் ஒரு சுருக்கமில்லை. கீழ் விளிம்பு தரைக்கு இணையாக நேராக நின்றது. அவர் கையைத் தூக்கினார், இறக்கினார். அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

"டேப் எங்க?"

"பெட்டிக்குள்ள இருக்கு டீச்சர். வேண்டியதில்ல."

கைப்பையைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். என் ரசீது, பின்பக்கம் என் கையெழுத்து. "இதத் திருப்பிக் குடுத்துடலாம்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

பிறகு அவராகவே போய்க் கண்ணாடியைத் திருப்பினார். முன்னால் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தும் முழுதாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

"முதுகுப் பக்கம் பாக்குறதுக்கு இன்னொரு கண்ணாடி இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை. இத்தனை வருடத்தில் அவர் கேட்டதே இல்லை. நாளைக்கே ஒன்று வாங்கவேண்டும்.